மாதம் 1,500 யூரோ போதும் என்றவர்

சம்பளப் பேச்சு என்றாலே நம்மில் பலருக்கு ஒரு தயக்கம். எவ்வளவு கேட்பது, எப்போது கேட்பது, கேட்டால் மேலதிகாரி என்ன நினைப்பார் என்று ஆண்டு முடிவில் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. கூடுதலாகக் கேட்பதற்கே இந்தப் பாடு என்றால், குறைத்துக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்பாரா?

ஒருவர் கேட்டார். 2005ஆம் ஆண்டு, ரோம் நகரில். கேட்டவர் இத்தாலியின் தேசியக் குழுவுக்காக உலகக் கிண்ணத்தில் ஆடிய மத்தியத் திடல் ஆட்டக்காரர் டமியானோ தொமாசி. அவர் ஏஎஸ் ரோமா குழுவிடம் கேட்ட தொகை மாதம் 1,500 யூரோ. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டிய ஆகக் குறைந்த சம்பளம் அதுதான். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,000 சிங்கப்பூர் வெள்ளி. அதே உடை மாற்றும் அறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கோடிகளில் சம்பாதித்துக் கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையைப் பலர் அத்துடன் முடித்துவிடுவார்கள். 'என்ன ஒரு நல்ல மனிதர்!' என்று மெச்சிவிட்டு அடுத்த பக்கம் போய்விடலாம். ஆனால் ஆறு ஆண்டுகள் கழித்து இதே மனிதர் தலைமை தாங்கிய தொழிற்சங்கம்தான் இத்தாலியின் முதல்நிலை லீக்கில் வேலைநிறுத்தம் செய்தது. குறைந்த சம்பளம் போதும் என்றவர் வேலைநிறுத்தத்துக்கு ஏன் தலைமை தாங்கினார்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

*மலையடிவாரத்துப் பையன்*

தொமாசி 1974ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி, வட இத்தாலியில் வெரோனா நகருக்கு அருகே உள்ள நெக்ரார் என்ற ஊரில் பிறந்தவர். திராட்சைத் தோட்டங்களுக்கும் வைனுக்கும் பேர்போன மலையடிவாரப் பகுதி அது. வெரோனா என்றதும் ரோமியோ ஜூலியட் நினைவுக்கு வரும். அந்த ஊர்க் குழுவான ஹெல்லாஸ் வெரோனாவில்தான் 1993இல் அவருடைய தொழில்முறை ஆட்டம் தொடங்கியது. அப்போது அந்தக் குழு இரண்டாம் நிலை லீக்கில் இருந்தது. 1996இல் முதல்நிலைக்கு உயர்ந்தது. அதே ஆண்டு இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் குழு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது அதில் தொமாசியும் இருந்தார். உடன் ஆடியவர்களில் டோட்டி, நெஸ்டா, கனவாரோ ஆகியோர் பின்னாளில் உலகமே அறிந்த பெயர்கள் ஆனார்கள்.

அந்தக் காலத்தில் இத்தாலிய இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. மனசாட்சியின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள், அதற்குப் பதிலாகச் சமூக சேவை செய்யச் சட்டத்தில் இடமிருந்தது. தொமாசி அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். ஊரே போகும் பாதையில் தானும் போக வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் உணர்ந்ததில்லை.

1996இல் ரோமாவில் சேர்ந்தார். அங்கே பத்து ஆண்டுகள் ஆடினார். சுருட்டை முடி, தாடி, ஓயாத ஓட்டம். திறமையில் அவரைவிட மேலானவர்கள் அந்தக் குழுவில் பலர் இருந்தார்கள். எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, அதை டோட்டியின் காலுக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் அடுத்த பந்தைத் தேடி ஓடுவது அவருடைய வேலை. தொலைக்காட்சியில் கோல் தொகுப்பு பார்ப்பவர்களுக்கு அவர் கண்ணில் பட மாட்டார். முழு ஆட்டமும் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும், அவர் இல்லாத இடத்தில் ஓட்டை விழும் என்று.

*2001: ரோமின் மூன்றாவது வாகை*

2000ஆம் ஆண்டு ரோமா பெரிய திட்டத்தோடு களமிறங்கியது. பயிற்றுநர் ஃபாபியோ கபெல்லோ. கோல் அடிப்பதற்காக அர்ஜென்டினாவின் பட்டிஸ்டூட்டாவை 70 பில்லியன் லீரா கொடுத்து ஃபியோரெண்டினாவிலிருந்து வாங்கினார்கள். வலப்பக்கம் பிரேசிலின் கஃபு, தற்காப்பில் சாமுவேல், நடுவே டோட்டி. மத்தியத் திடலுக்காகப் பிரேசிலின் எமர்சனையும் கொண்டுவந்தார்கள். ஆனால் பருவம் சூடுபிடிப்பதற்குள் எமர்சனுக்குப் பயிற்சியில் முழங்கால் போனது. பல மாதங்கள் ஆட முடியவில்லை.

அந்தச் சுமை தொமாசியின் தோளில் விழுந்தது. அந்தப் பருவம்தான் அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பருவம். 2001 ஜூன் 17ஆம் தேதி, கடைசி ஆட்டத்தில் பார்மாவை 3-1 என்று வென்று ரோமா வாகை சூடியது. கோல் போட்டவர்கள் டோட்டி, மொன்டெல்லா, பட்டிஸ்டூட்டா. ஆட்டம் முடிவதற்குள்ளேயே ரசிகர்கள் திடலுக்குள் புகுந்துவிட, கபெல்லோ கோபத்தில் கத்தி அவர்களை விரட்டியது தனிக்கதை. ரோமாவுக்கு 75 புள்ளிகள், யுவெண்டஸுக்கு 73. அதற்கு முன் 1942, 1983 ஆகிய இரண்டு முறைதான் ரோமா லீக்கை வென்றிருந்தது. அந்த நகரத்துக்கு அது என்ன மாதிரியான நாளாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

*செல்லாத அந்த கோல்*

அடுத்த ஆண்டு உலகக் கிண்ணம், தென்கொரியாவிலும் ஜப்பானிலும். நம் வட்டாரத்தில் அதை மறந்தவர்கள் குறைவு. ஆட்டங்களெல்லாம் நமக்கு ஏற்ற நேரத்தில் நடந்த ஒரே உலகக் கிண்ணம் அதுதான் என்று காப்பிக் கடைகளில் இன்றும் பேச்சு வரும்.

ஜூன் 18, டேஜான் நகரம். நம் நேரப்படி மாலை 7.30. இத்தாலியும் தென்கொரியாவும் மோதின. 18ஆம் நிமிடத்தில் வியேரி தலையால் முட்டி இத்தாலியை முன்னிலைப்படுத்தினார். 88ஆம் நிமிடத்தில் சோல் கி ஹியோன் சமன் செய்தார். கூடுதல் நேரம். அன்றைய விதிப்படி கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போடுகிறாரோ அவருக்கே வெற்றி, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

இத்தாலி 10 பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. பெனால்டிக்காக நடித்தார் என்று இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டப்பட்டு டோட்டி வெளியேறியிருந்தார். 110ஆம் நிமிடம். தற்காப்பைக் கிழித்துக்கொண்டு பாய்ந்த பந்தின் பின்னால் ஓடினார் தொமாசி. கோல்காவலரைத் தாண்டிப் பந்தை வலைக்குள் தள்ளினார். அது செல்லுபடியாகியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் துணை நடுவரின் கொடி உயர்ந்திருந்தது. ஆஃப்சைட். 117ஆம் நிமிடத்தில் ஆன் ஜுங் ஹுவான் தலையால் முட்ட, இத்தாலி வீடு திரும்பியது.

அந்த முடிவு தவறு என்று இத்தாலியில் இன்றும் வாதிடுகிறார்கள். எக்வடோர் நாட்டு நடுவர் பைரன் மொரேனோவின் பெயரைச் சொன்னாலே அங்கே பலருக்கு முகம் சிவக்கும். காணொளி நடுவர் முறை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு முடிவே இல்லை. இத்தாலிக்காக 25 ஆட்டங்கள், 2 கோல்கள் என்று தொமாசியின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. உலகம் அதிகம் நினைவில் வைத்திருக்கும் கோல் அந்த இரண்டில் சேராது.

*முழங்கால் முறிந்தபின்*

2004 கோடைக்காலம். புதிய பருவத்துக்கு முந்தைய நட்புமுறை ஆட்டம், எதிரணி இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி. புள்ளியும் இல்லை, கிண்ணமும் இல்லை. அந்த ஆட்டத்தில் தொமாசியின் முழங்கால் சிதைந்தது. சாதாரணக் காயமாக இருந்திருந்தால் சில வாரங்களில் திரும்பியிருப்பார். இதுவோ மீண்டும் ஆட முடியுமா என்றே கேட்க வைத்த காயம். 2004-05 பருவம் முழுவதும் ஒரு லீக் ஆட்டம்கூட அவரால் ஆட முடியவில்லை. வயது 31 ஆகிவிட்டது. ஒப்பந்தமும் முடிந்தது.

இந்த இடத்தில் ஓர் ஆட்டக்காரர் என்னென்ன செய்யலாம்? முகவரை அனுப்பிப் பழைய சம்பளத்துக்கு வாதாடலாம். 'உங்களுக்காக ஆடித்தானே காலை உடைத்துக்கொண்டேன்' என்று உரிமையோடு கேட்கலாம். அதில் தவறும் இல்லை. அல்லது பணம் அதிகம் கொடுக்கும் வேறு நாட்டுக்குப் போகலாம்.

தொமாசி கேட்டது ஒன்றுதான். மீண்டும் ஆட ஒரு வாய்ப்பு. அதற்காக ஓராண்டு ஒப்பந்தம், மாதம் 1,500 யூரோ. என்னால் ஆட முடியும் என்று இன்னும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்காத ஒன்றுக்கு முழு விலை கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தொகையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் திடலுக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் ஸ்பலெட்டியின் பயிற்சியில் ரோமா தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களை வென்று அன்றைய சாதனையைப் படைத்தது. அந்தக் குழுவில் தொமாசியும் ஆடினார். ஆடிக் காட்டிவிட்டார். 2006இல் ரோமாவிடமிருந்து விடைபெற்றார்.

*சம்பளம் வராத மாதங்கள்*

அடுத்து ஸ்பெயினின் லெவான்டே. இங்கேதான் கதை திரும்புகிறது. 2007-08 பருவத்தில் லெவான்டே குழுவின் நிதிநிலை சரிந்தது. ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. பொறுமை இழந்த ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரிக்கும் அளவுக்குப் போனது. பருவ முடிவில் குழு கடைசி இடத்தில் நின்று இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது.

ஓரிரு ஆண்டுகள் இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டையும் பார்த்துவிட்டார். ரோமில் தானே விரும்பிக் குறைத்துக்கொண்ட சம்பளம். லெவான்டேயில் கொடுக்கவேண்டியவர்கள் கொடுக்காத சம்பளம். கையில் வரும் தொகை குறைகிறது என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் ஒன்றில் முடிவெடுத்தவர் உழைப்பவர். மற்றதில் அவரைக் கேட்காமலேயே முடிவு எடுக்கப்பட்டது.

பிறகு லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் சில மாதங்கள். 2009இல் சீனாவின் தியான்ஜின் தேடா குழுவுக்குப் போனார். சீன சூப்பர் லீக்கில் ஆடிய முதல் இத்தாலியர் அவர்தான். சீனாவில் பணம் கொட்டும் காலம் வருவதற்கு முன்பே அங்கு போய்வந்தவர். திரும்பி வந்ததும் வெரோனா மலைப்பகுதியில் சான்தான்னா தல்ஃபாயேதோ என்ற சிற்றூரின் பொழுதுபோக்குக் குழுவில் ஆடினார். இத்தாலியின் வாகையர் குழுவில் ஆடியவர், வார இறுதியில் கிராமத்துத் திடலில் பந்து உதைத்தார். அதைக் கௌரவக் குறைச்சலாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

*கோடீஸ்வரர்களின் வேலைநிறுத்தம்?*

இத்தாலியக் காற்பந்து ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் 1968இல் தொடங்கப்பட்டது. வழக்கறிஞரும் முன்னாள் ஆட்டக்காரருமான செர்ஜியோ கம்பானா 43 ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். 2011இல் அவருக்குப் பின் தலைவரானவர் தொமாசி.

பதவியேற்ற சில மாதங்களிலேயே சோதனை வந்தது. குழுக்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. புதிய ஒப்பந்தத்தில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, வேண்டாத ஆட்டக்காரரை முதல்நிலைக் குழுவின் பயிற்சியிலிருந்து தள்ளிவைத்துத் தனியாகப் பயிற்சி செய்ய விடும் உரிமை வேண்டும் என்று குழுக்கள் கேட்டன. இரண்டு, அதிக வருமானம் உள்ளவர்கள்மீது அரசாங்கம் அப்போது விதிக்க எண்ணிய கூடுதல் வரியை யார் கட்டுவது என்ற கேள்வி.

வரி விவகாரத்தைப் பிடித்துக்கொண்டு 'கோடீஸ்வரர்கள் வரி கட்ட மறுக்கிறார்கள்' என்று சாடினார்கள். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு அதிகம் வலித்தது அந்த முதல் சிக்கல். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒருவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது, செய்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும். அதனால் அவரைக் கூட்டங்களுக்கு அழைக்க மாட்டார்கள். மின்னஞ்சலில் சேர்க்க மாட்டார்கள். ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள். தானாகவே போய்விடட்டும் என்று காத்திருப்பார்கள். காற்பந்தில் அதற்கு இன்னும் பெரிய விலை. தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரரின் உடல்திறன் குறையும். அவருடைய சந்தை மதிப்பும் கூடவே விழும். கடைசியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

உடன்பாடு எட்டப்படவில்லை. 2011 ஆகஸ்ட் இறுதியில் நடந்திருக்க வேண்டிய முதல் சுற்று ஆட்டங்கள் நடக்கவில்லை. ரசிகர்கள் திட்டினார்கள், பத்திரிகைகள் கிண்டல் செய்தன. செப்டம்பர் தொடக்கத்தில் தற்காலிக உடன்பாடு ஒன்று ஏற்பட்ட பிறகே பருவம் தொடங்கியது.

'பேராசை பிடித்தவர்கள்' என்று ஆட்டக்காரர்களை ஏசியவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர்களின் தலைவர் 1,500 யூரோ போதும் என்று கையெழுத்திட்டவர். அவரைப் பார்த்துப் பேராசைக்காரர் என்று எப்படிச் சொல்வது?

தொழிற்சங்கத்துக்கு அவர் அதிகம் தேவைப்பட்டது நட்சத்திர ஆட்டக்காரர்களுக்காக அல்ல. இத்தாலியில் மூன்றாம் நிலை லீக்கில் ஆடுபவர்களும் அதே சங்கத்தின் உறுப்பினர்கள். குழு நொடித்துப்போனால் அவர்களுக்கு வாடகை கட்டவே பணம் இருக்காது. பெரிய குழுக்களுக்கும் இந்த நிலை வரும் என்பதை 2015இல் பார்மா காட்டியது. அந்தப் பருவத்தில் பார்மாவின் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, அலுவலக ஊழியர்களுக்கும் சம்பளம் நின்றது. சில ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. மார்ச் மாதத்தில் குழு நொடித்துப்போனதாக நீதிமன்றம் அறிவித்தது. 2001இல் ரோமா வாகை சூடிய நாளில் எதிரே நின்ற அதே பார்மாதான். அன்று அந்தக் குழுவில் பஃபோனும் கனவாரோவும் துராமும் இருந்தார்கள். 14 ஆண்டுகளில் எல்லாம் கரைந்துவிட்டது.

*நமக்கு இதில் என்ன?*

இந்தக் கதையை வைத்துக்கொண்டு இளையர்களுக்கு 'பணம் பெரிதல்ல, குறைந்த சம்பளத்துக்கும் வேலை செய்யப் பழகு' என்று அறிவுரை சொல்வது சுலபம். அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தொமாசி 1,500 யூரோவுக்குச் சம்மதித்தபோது அவருக்குப் பின்னால் பத்தாண்டுக்கு மேற்பட்ட நல்ல வருமானம் இருந்தது. முதல் வேலையில் சேரும் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. வீட்டுக் கடன், படிப்புக் கடன், பெற்றோரின் மருத்துவச் செலவு என்று வரிசையாக நிற்கும். அவரிடம் தியாகம் கேட்பது நியாயம் ஆகாது.

நான் எடுத்துக்கொள்வது வேறு. தன் உழைப்பின் மதிப்பை தொமாசி ஒவ்வொரு கட்டத்திலும் தானே எடைபோட்டார். முழங்கால் சரியில்லாத நாளில் என்னால் இவ்வளவுதான் முடியும் என்று நேர்மையாகச் சொன்னார். பிறர் ஓர் ஆட்டக்காரரின் மதிப்பை மூலையில் தள்ளிக் குறைக்கப் பார்த்த நாளில், முடியாது என்று ஆட்டத்தையே நிறுத்தினார். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே. தான் கொடுப்பதற்கு மேல் கேட்கக் கூடாது. பேசி ஒப்புக்கொண்டதைப் பிறர் பிடுங்கவும் விடக் கூடாது.

நம் குடும்பங்களில் முதல் பாதியை நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையாக உழை, அதிகம் ஆசைப்படாதே என்று சிறு வயதிலிருந்தே பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள். இரண்டாம் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கூடுதல் நேர வேலைக்குப் பணம் வரவில்லை என்றால் 'சும்மா இரு, வேலை போய்விடும்' என்கிறோம். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் பிள்ளையை 'ரொம்பத்தான் கணக்குப் பார்க்கிறான்' என்கிறோம். கணக்குப் பார்ப்பதும் நேர்மையின் ஒரு பகுதிதான். தன் பக்கத்துக் கணக்கைச் சரியாக வைத்திருப்பவரால்தான் மறுபக்கத்தின் கணக்கைத் துணிந்து கேட்க முடியும்.

*ரேத்தே!*

2018 உலகக் கிண்ணத்துக்கு இத்தாலி தகுதிபெறத் தவறியது. அதையடுத்து அந்நாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் பதவி விலகினார். 2018 ஜனவரியில் நடந்த தேர்தலில் தொமாசியும் போட்டியிட்டார். மூவர் மோதிய அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2020இல் தொழிற்சங்கத் தலைமையிலிருந்தும் விலகினார்.

பலரும் எதிர்பார்க்காத இடத்தில் அடுத்து வந்து நின்றார். 2022 ஜூன் மாதம் வெரோனா நகர மேயர் தேர்தல். நீண்ட காலமாக வலதுசாரிகளின் கோட்டை என்று பெயர்பெற்ற ஊர் அது. இடதுசாரி ஆதரவோடு நின்ற தொமாசி, பதவியில் இருந்த மேயரை இரண்டாம் சுற்றில் 53 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகள் பெற்றுத் தோற்கடித்தார். வலதுசாரிகளின் வாக்கு இரண்டாகப் பிரிந்ததும் அவருக்குக் கைகொடுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அவரை ஆதரித்த அமைப்பின் பெயர் 'ரேத்தே!' இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வலை என்று பொருள். மனிதர்கள் ஒருவரோடொருவர் பின்னிக்கொள்ளும் தொடர்பையும் அது குறிக்கும். பந்து வலைக்குள் போனதும் இத்தாலிய வர்ணனையாளர்கள் கூவும் சொல்லும் அதுவே. டேஜானில் கொடி உயர்ந்ததால் செல்லாமல் போன அந்த கோலுக்கு, 20 ஆண்டுகள் கழித்து சொந்த ஊர் வாக்குச்சீட்டில் கணக்கு எழுதியது என்று அவருடைய ரசிகர்கள் சொல்லிக்கொண்டால் நாம் மறுக்க வேண்டாம்.

அடுத்த முறை சம்பளப் பேச்சுக்குப் போகும்போது ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் நீங்கள் இந்த ஆண்டு என்ன கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள், பொய் வேண்டாம். வலப்பக்கம் உங்களுக்கு என்ன வர வேண்டும் என்று எழுதுங்கள், பயம் வேண்டாம். இரண்டும் பொருந்தினால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.